ஒரே உறையில் இரண்டு டிக்கெட்

அத்தியாயம் 14

போன வாரம் கப்பல்காரனை அவன் அக்கா வீட்டு வாசலில், தோளில் ஒரு பையோடு நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஏழு நாளாக ஒரு மனிதனை இப்படியா நிறுத்துவது என்று சிலருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் கதவைத் திறக்க வேண்டியவள் அவன் அக்கா ஆயிற்றே, நாம் என்ன செய்ய முடியும்?

அவள் திறந்தாள். தம்பியை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். முன்னந்தலையில் முடி கொட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கேட்க நாக்கு நுனிவரை வந்த கேள்விகளை எல்லாம் விழுங்கிவிட்டு, "உள்ள வா. கதவைச் சாத்து, நாய் வந்துடும்" என்றாள்.

நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் அவனிடம் வாய் திறந்து பேசியது இவ்வளவுதான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த வட்டாரம் முழுக்க அவளை 'ஜெராக்ஸ் அக்கா' என்றுதான் கூப்பிடும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பத்தடிக்குப் பத்தடிக் கடை. இரண்டு நகல் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். அவள் தம்பி கப்பலில் எலெக்ட்ரீஷியன். நாலு வருஷத்துக்கு முன்னால், சொந்தக்காரர்கள் நிறைந்த ஒரு கூடத்தில், யாரோ "அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்க, அவன் சிரித்துக்கொண்டே, "அவளுக்கென்ன, அடுத்தவங்க வாழ்க்கையை நகல் எடுத்தே காலத்தை ஓட்டிடுவா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவன் போன் செய்தால் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்படி இருந்தவர்களை ஒன்றாகச் சேர்த்தது ஒரு பிளாஸ்டிக் உறை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாலு பேர் இந்த ஊருக்குப் பாட வருவதாக இருந்தது. ராக் இசை என்றால் அந்த நாலு பேர்தான் என்று இருந்த காலம். அப்பா விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கி வந்தார். கச்சேரி அன்று அடித்த காற்றில் மேடைக்கூரையே சரிந்து விழுந்தது. கச்சேரி ரத்து. அடுத்த மாசமே நாலு பேரும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போனார்கள். அப்போது அவள் அதே கடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாள். இரண்டு டிக்கெட்டையும் ஒரே உறையில் போட்டு, மெஷினில் விட்டு லேமினேட் செய்து வைத்துவிட்டாள். பிழைப்பு அது. அவளுக்கு முக்கியமான எதுவும் காற்றுப் படாமல்தான் இருக்க வேண்டும்.

இப்போது அந்த நாலு பேரும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். பழைய டிக்கெட்டை இன்னும் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டி உள்ளே வரலாம் என்று அறிவித்தும்விட்டார்கள். உறையை நடுவில் வெட்டி அவன் பங்கை அனுப்பிவிடலாம் என்று இரண்டு தடவை கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு தடவையும் திருப்பி வைத்தாள். வெட்ட நடுவும் இல்லை. டிக்கெட் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. இந்தப் பக்கம் அவளுடையது, திருப்பினால் அவனுடையது. போனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போக முடியும்.

இதை எல்லாம் மச்சினனுக்கு ரகசியமாகப் போன் செய்து சொன்னவர் அவள் கணவர். பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். சத்தம் என்றாலே காத தூரம் ஓடுகிறவர்.

"மாமா, நீங்களும் வாங்களேன்" என்றான் கப்பல்காரன், டீயை வாங்கிக்கொண்டு.

"நான் வீட்டுக்குக் காவல். டிவியிலதான் காட்டறானே, சத்தத்தைக் குறைச்சு வச்சுப் பார்த்துக்கறேன்" என்றார் அவர்.

உள் அறையிலிருந்து அவர்கள் பெண் வந்தாள். பதினெட்டு வயது, கல்லூரியில் முதல் வருஷம். வீட்டில் அவளுக்குக் 'குட்டி' என்று பெயர். கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட், முதுகில் பை. அம்மா முன்னால் வந்து திரும்பி நின்றாள். ஜெராக்ஸ் அக்கா மகளின் முடியை இழுத்துப் பின்னி மஞ்சள் ரப்பர் பேண்டால் கட்டினாள்.

"பரீட்சைக்கு எதுக்குடி கறுப்புச் சட்டை?"

"மத்ததெல்லாம் துவைக்கப் போட்டிருக்கேம்மா."

"எத்தனை மணிக்கு வருவே?"

"ரெண்டு பேப்பர். சாயங்காலம் ஆயிடும்."

"நல்லா எழுது. அவசரப்படாதே."

குட்டி கப்பல்கார மாமாவைப் பார்த்தாள். மாமா டீ டம்ளரின் அடிப்பக்கத்தை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு சாத்தப்பட்டது.

"கடையில கறுப்புத் துணி டேப் ரெண்டு சுருளைக் காணோம்" என்றாள் ஜெராக்ஸ் அக்கா, யாரிடம் என்று இல்லாமல். "நேத்துக்கூட அலமாரியில இருந்துது."

"எங்கேயாவது உருண்டு போயிருக்கும்" என்றார் கணவர்.

*

கச்சேரி நாலு மணிக்கு. ஒரு மணிக்கே மைதானத்தைச் சுற்றிக் கூட்டம். பேருந்தில் வந்தபோது இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நடுவில் அவள் கைப்பை உட்கார்ந்திருந்தது.

முதல் தடுப்பிலேயே பையைத் திறக்கச் சொன்னார்கள். குடை சரி. தண்ணீர் சரி. அதற்கடியில் ஒரு கட்டர், ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல்.

"கச்சேரிக்கு இதெல்லாம் எதுக்கு கொண்டுவந்தே?" என்றான் தம்பி.

"எதுக்குன்னு கொண்டு வர்றது? அது எப்பவும் பையில இருக்கும்."

காவலாளி இரண்டையும் பறிமுதல் பெட்டியில் போட்டு, எண் எழுதிய அட்டையை அவள் கையில் கொடுத்தான். கட்டர் போனதில் அவளுக்கு ஒரு கை குறைந்த மாதிரி இருந்தது.

பழைய டிக்கெட்காரர்களுக்குத் தனி வரிசை. அதில் போய் நின்றதும் ஜெராக்ஸ் அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏறக்குறைய எழுபது பேர். எல்லோருக்கும் நாற்பது, ஐம்பது வயது. பழைய பனியன்களைத் தேடி எடுத்துப் போட்டு வந்திருந்தார்கள்; தொப்பை மறைவேனா என்றது. ஒருவருக்கு முழங்காலில் பட்டை. முன்னால் நின்ற லாரி ஓட்டுநர் தன் டிக்கெட்டைப் பேண்டோடு சேர்த்து ஒரு தடவை துவைத்துவிட்டாராம். அதை இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்துப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டிருந்தார். அவருக்கும் முன்னால் ஒரு ஆசிரியை, சுவரில் மாட்டிய சட்டத்தோடே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆணிகூட அதிலேயே தொங்கியது.

"எத்தனை வருஷம் சுவர்ல இருந்துது?" என்று கேட்டாள் ஜெராக்ஸ் அக்கா.

"மூணு வீடு மாறியாச்சு. முதல்ல இதை மாட்டிட்டுத்தான் அடுப்பையே வைப்பேன்" என்றார் ஆசிரியை.

லாரி ஓட்டுநர் திரும்பி அவள் கையில் இருந்த உறையைப் பார்த்தார். மின்னியது. எழுத்து, படம், இருக்கை எண், எல்லாம் நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது. "அடேயப்பா, யார் பண்ணது?" என்றார்.

"நான்தான்" என்றாள். தலை தானாக நிமிர்ந்தது.

தம்பி குனிந்து அவள் காதருகே வந்தான். "அக்கா, கவுன்ட்டர்ல ஏதாவது கேட்டா கடை வச்சிருக்கேன்னு சொல்லாதே. ஏதாவது ஆபீஸ்ல வேலைன்னு சொல்லிடு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முந்தைய கூடம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதே சிரிப்பு, அதே ஆட்கள்.

"ஏன், உனக்கு இன்னும் கேவலமா இருக்கா?"

"அதில்லை, கேளு..."

"ஒண்ணும் கேக்க வேண்டாம். முன்னால நகரு."

*

கவுன்ட்டரில் ஒரு பெண் மேற்பார்வையாளர். கழுத்தில் வாக்கி-டாக்கி, முகத்தில் காலையிலிருந்து கத்திய களைப்பு. ஆசிரியையின் சட்டத்தைக் கழற்றச் செய்து, டிக்கெட்டைத் திருப்பி, ஈர விரலால் பின்பக்க மூலையில் தேய்த்தார். வெறும் காகிதமாக இருந்த இடத்தில் நீல வட்டம் ஒன்று எழும்பியது.

"இந்த முத்திரை ஈரம் பட்டாத்தான் தெரியும். இருந்தா அசல், இல்லேன்னா போலி. காலையிலேர்ந்து நாற்பத்தொரு போலி பிடிச்சாச்சு. எல்லாம் கலர் ஜெராக்ஸ்" என்றார் அவர் பொதுவாக.

ஆசிரியையின் டிக்கெட்டில் ஓரத் துண்டைக் கிழித்துப் பெட்டியில் போட்டு, மணிக்கட்டில் பட்டை கட்டி அனுப்பினார். லாரி ஓட்டுநரின் டிக்கெட்டில் எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் நீல வட்டம் மங்கலாக வந்தது. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

அடுத்தது இவர்கள்.

மேற்பார்வையாளர் உறையை வாங்கினார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். விரலை நனைத்தவர், எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"பின்பக்கம் எங்கே?"

"உள்ள இருக்கு" என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

"உள்ள இருந்தா நான் எப்படிப் பார்க்கறது? இதைப் பிரிங்க."

"இது சூட்டுல ஒட்டினது. பிளாஸ்டிக்கை உரிச்சா அச்சு அதோடயே வந்துடும். வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்."

"அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது." மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு சுத்தமா லேமினேட் பண்ணியிருக்கீங்க. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

பின்னால் வரிசை அமைதியாகிவிட்டது. தம்பியின் முழங்கை லேசாக இடித்தது. ஆபீஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. மைதானத்திலிருந்து யாரோ கிட்டாரைச் சரிபார்க்கும் சத்தம் ஒரு தடவை உறுமிவிட்டு நின்றது. பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த சத்தம், இருநூறு அடியில் இருக்கிறது.

"ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன்" என்றாள் அவள். "நகல், லேமினேஷன். இருபது வருஷமா அதான் என் தொழில்."

மேற்பார்வையாளரின் புருவம் உயர்ந்தது. "ஜெராக்ஸ் கடை" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். வாக்கி-டாக்கியைக் கையில் எடுத்தார். "கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

அப்போதுதான் அவளுக்குத் தம்பி ஏன் அப்படிச் சொன்னான் என்பது உறைத்தது. போலி பிடிபட்ட செய்தி அவன் காதில் முன்பே விழுந்திருக்கிறது. அவன் வெட்கப்படவில்லை, பயந்திருக்கிறான். புரிந்து என்ன பிரயோஜனம், வாய் முந்திக்கொண்டு விட்டது.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றான் கப்பல்காரன். இரைச்சலான இயந்திர அறையில் பேசிப் பழகிய குரல். வரிசையின் கடைசிவரை கேட்டது. "போன வாரம் எங்க அக்கா கடைக்கு மூணு பேர் வந்து, இந்த டிக்கெட்டைக் கலர்ல நகல் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. வழக்கமான ரேட்டைவிட அஞ்சு மடங்கு தர்றேன்னு சொல்லியிருக்காங்க. மூணு பேரையும் வெளில அனுப்பிட்டா. எங்க மாமா போன்ல சொன்னார். இவ கையிலேர்ந்து போலி ஒண்ணு வெளில போகாது. நான் உத்தரவாதம்."

"நீங்க யாரு உத்தரவாதம் தர?"

"அந்த உறையில பாதி நான்தான்" என்றான் அவன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை, ஆனால் வாக்கி-டாக்கியைக் கீழே இறக்கினார். "சார், நீங்க சொல்றது நிஜமாவே இருக்கட்டும். எனக்கு முத்திரை வேணும். அது இல்லாம விட்டா என் வேலை போயிடும்."

அது நியாயம் என்று ஜெராக்ஸ் அக்காவுக்குப் பட்டது. தன் வேலையைச் சரியாகச் செய்கிறவர்களிடம் அவளுக்கு எப்போதும் கோபம் வராது. உறையைத் திரும்ப வாங்கினாள். வெயிலில் பிடித்தாள். இந்தப் பக்கம் தன் டிக்கெட். திருப்பினால் தம்பியுடையது. அன்று முதலாளி ஒரே ஒரு உறைதான் கொடுத்தார். அதனால்தான் முதுகோடு முதுகாக வைத்தாள்.

முதுகோடு முதுகு.

"பசை" என்றாள் சத்தமாக.

"என்ன?" என்றான் தம்பி.

"பசை பிளாஸ்டிக்லதான்டா இருக்கும். பிளாஸ்டிக் பட்டது முன்பக்கம். பின்பக்கம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டுதானே இருக்கு? அதுல பசையே படலை. நாலு ஓரத்தையும் வெட்டிட்டா தானா பிரிஞ்சு வந்துடும்." மேற்பார்வையாளரிடம் திரும்பினாள். "மேடம், உங்க பெட்டியில என் கட்டரும் ஸ்கேலும் இருக்கு. அஞ்சு நிமிஷம் கொடுங்க. நீங்க பக்கத்துலயே நில்லுங்க. முத்திரை வரலேன்னா நானே நடந்து வெளில போயிடறேன்."

மேற்பார்வையாளர் வரிசையைப் பார்த்தார். எழுபது பேரில் பாக்கி இருந்தவர்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அஞ்சே நிமிஷம்" என்றார்.

தண்ணீர் பாட்டில் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். அட்டையைக் கொடுத்துக் கட்டரை மீட்டார்கள். ஜெராக்ஸ் அக்கா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு மண்டியிட்டாள். டிக்கெட்டின் ஓரத்திலேயே வரிசை எண் இருந்தது. ஒரு நூல் உள்ளே போனால் எண் போய்விடும். ஒரு நூல் வெளியே போனால் பிளாஸ்டிக் விடாது. அந்த ஒரு நூலில்தான் பத்தொன்பது வருஷமும் நின்றது.

"ஸ்கேலைப் பிடி" என்றாள்.

அவன் எதிரே மண்டியிட்டான்.

"அழுத்திப் பிடி. ஆடாதே."

"கப்பலே ஆடும்போது ஆடாம ஒயர் இணைக்கறவன் நான்."

"பேசாதே."

முதல் ஓரம். இரண்டாவது ஓரம். கட்டர் போகும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது ஓரத்தில் அவள் நெற்றி வியர்வை ஸ்கேல்மேல் சொட்டியது. அவன் கையை எடுக்காமலே சட்டைக் கையால் அதை ஒற்றினான். நாலாவது ஓரம் எண் இருந்த ஓரம். அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். கட்டரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

நகத்தால் மூலையை நெம்பினாள். இரண்டு டிக்கெட்டும் அலுங்காமல் பிரிந்தன.

பின்பக்கம் இரண்டும் புதுத் தாளாக வெள்ளையாக இருந்தன. வெறும் வெள்ளை இல்லை. பச்சை மையில், சாய்ந்த எழுத்தில், ஒன்றில் 'பெரிசு' என்றும் இன்னொன்றில் 'சின்னது' என்றும் எழுதியிருந்தது. யார் எந்த இருக்கை என்று பிள்ளைகள் இரண்டும் சண்டை போடும் என்பதற்காக, வரிசையில் நின்றபோதே அப்பா எழுதி வைத்தது. எழுதியதை இரண்டு பேருமே மறந்து போயிருந்தார்கள். எழுதியவர் போய் ஆறு வருஷம்.

தம்பி 'சின்னது' என்ற எழுத்தை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தான். மேற்பார்வையாளர் விரலை நனைத்துக்கொண்டு வந்தபோது அவள், "எழுத்துமேல ஈரம் படாம, மூலையில மட்டும் தேயுங்க" என்றாள்.

நீல வட்டம் வந்தது. அன்று பார்த்த எல்லா வட்டங்களையும்விட அழுத்தமாக, மை சொட்டுகிற மாதிரி வந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மேற்பார்வையாளர் முதல் தடவையாகச் சிரித்தார். "இன்னைக்கு நான் பார்த்ததிலேயே இதுதாங்க சுத்தமான டிக்கெட்" என்றார். "கிழிக்க வராதே, துண்டை நீங்களே வெட்டிக் கொடுத்துடுங்க."

அவள் வெட்டிக் கொடுத்தாள். வரிசை கைதட்டியது. கட்டரை அவளே கொண்டுபோய்ப் பறிமுதல் பெட்டியில் போட்டாள்.

*

மைதானத்துக்குள் போகும் நீளமான தகரத் தடுப்புப் பாதையில் இரண்டு பேரும் நடந்தார்கள். கைப்பை இப்போது அவன் தோளில் இருந்தது.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றான் அவன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தப்புன்னு."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"நான் போனை எடுக்காம இருந்தது மட்டும் ரொம்பச் சரியா?" என்றாள் அவள். "நாலு வருஷம். இத்தனை வருஷம் எதெதையோ பத்திரப்படுத்தினேன். உன்னைப் போய் விட்டுட்டேனே."

"நான் எங்கேயும் போகலை. தண்ணியில மிதந்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். தன்னை அறியாமல் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

நாலு மணிக்கு விளக்குகள் எரிந்தன. பகல் வெளிச்சத்திலும் கண் கூசியது. நாலு பேரும் நடந்து வந்தார்கள். அவர்களுக்கும் வயசாகியிருந்தது, டிரம்ஸ்காரர் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் மைதானத்தில் ஒரு ஆரவாரம் எழுந்தது. நம்மைப் போலவே ஆகிவிட்டார்களே என்ற சொந்தம்தான் அதில் அதிகம். முதல் கிட்டார் அடி நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கியது. பக்கத்தில் லாரி ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆசிரியை காலி சட்டத்தைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்.

மெதுவான பாட்டு ஒன்று உண்டு. அதில் நடுவில் எல்லாம் நின்று, எட்டு எண்ணும்வரை மௌனமாக இருந்து, அப்புறம்தான் டிரம்ஸ் விழும். தெரியாதவர்கள் அவசரப்பட்டு நடுவில் கைதட்டிவிடுவார்கள். வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவும் தம்பியும் அந்த எட்டை விரல் விட்டு எண்ணிப் பழகியிருந்தார்கள். அன்று பாட்டு அந்த இடத்துக்கு வந்து நின்றது. நாற்பதாயிரம் பேர். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. எட்டாவது எண்ணில் டிரம்ஸும் மைதானமும் சேர்ந்து இடித்தன. இவர்கள் எல்லாம் என் ஆட்கள் என்று ஜெராக்ஸ் அக்காவுக்குத் தோன்றியது. முன்பின் தெரியாத அத்தனை பேரையும் நினைத்துப் பெருமையாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் பாடகர் மைக்கைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"பழைய டிக்கெட்டோட வந்திருக்கறவங்க எங்கே? கையைத் தூக்குங்க. நாங்க பார்க்கணும்."

அங்கங்கே கைகள் எழுந்தன. கசங்கிய தாள், கண்ணாடித் துண்டு, வெறும் சட்டம். ஜெராக்ஸ் அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. தம்பிதான் அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். லேமினேஷன் பக்கம் மேடை விளக்கைப் பிடித்துப் பளிச்சென்று அடித்தது. அந்த வெளிச்சத்துக்குக் கேமரா திரும்பியது. மேடைக்கு இரண்டு பக்கமும் இருந்த பெரிய திரைகளில் அவள் டிக்கெட், அதற்குக் கீழே அவள் முகம், வீட்டு உயரத்துக்கு வந்து நின்றன. பாடகர் திரையைப் பார்த்துவிட்டு, "அது நேத்து அச்சடிச்சதா?" என்றார். மைதானம் சிரித்தது.

"எங்க அக்கா பண்ணது" என்று கத்தினான் கப்பல்காரன், அக்கம்பக்கத்தில் இருந்த எல்லோரிடமும். "பத்தொன்பது வருஷம். ஒரு காத்துக்குமிழி கிடையாது. எங்க அக்கா கையால பண்ணது."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. மைதானமே பார்த்தாயிற்று, இனி என்ன.

திரையில் அவள் முகம் மறைந்து மறுபடி மேடை வந்தது. அடுத்த பாட்டுக்கு ஆயத்தம். டிரம்ஸுக்கு அருகில் கறுப்பு உடையில் யாரோ ஒரு பெண் மண்டியிட்டு, தளர்ந்துபோன ஒயரைத் தரையோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தாள். வேலை செய்கிறவள் முகம் தெரியவில்லை. குனிந்த தலையும் பின்னலும்தான் தெரிந்தன. பின்னல் நுனியில் மஞ்சள் ரப்பர் பேண்ட்.

காலையில் தானே கட்டியது.

அந்தப் பெண் டேப்பை நீட்டி வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, காற்று நிற்காமல் தேய்த்தாள். அப்படித் தேய்க்கிறவர்கள் இந்த ஊரில் ஒரே ஒரு கடையில்தான் உண்டு. தேய்த்து முடித்துவிட்டு அவள் எழுந்தாள். கிட்டார்காரர் அவள் தோளில் தட்டிக் கொடுத்தார்.

தம்பியின் கத்தல் சட்டென்று நின்றிருந்தது.

"உனக்குத் தெரியும்" என்றாள் ஜெராக்ஸ் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அக்கா, நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். அவ மேடை வேலைக்குச் சேர்ந்ததும் ஒயர் வேலை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், போன்ல. ஆனா பரீட்சை இன்னைக்குன்னு எனக்கு..."

கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து, மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மேடையில் ஒயர் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நாற்பதாயிரம் பேர் பார்க்கிற மேடை. அதற்குள் பாடகர் அடுத்த பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"பாட்டு முடியட்டும். உங்க ரெண்டு பேரையும் அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றாள் அவள்.

சொன்னாளே தவிர, டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்த கையை அவள் இன்னும் இறக்கவில்லை.